ஊதாரி யார்?

தோட்டத் தமிழன் ஊதாரி என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றோம், விசாரணை நடந்ததாக நாம் அறியோம். தீபாவளிக்கு ஒரு திங்கள் இருக்கும்பொழுது ஈப்போ நகரத்து லகாட் சாலையில் இத்தீர்ப்பு காலை முதல் இரவு வரை ஓதப்படும். மேடையேறிய தலைவர் ஓதுவார். நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் படித்த தமிழர் அஞ்சடியில் நின்று ஓதுவார். “ஆண்டு முழுவதும் கித்தாக் காட்டில் கொசுக்கடியில் சம்பாதித்ததை ஒரே நாளிற் சேலைக்கும் சட்டைக்கும் கொட்டிவிட்டுப் போகின்றார்கள். இவர்கள் எங்கே முன்னேறப் போகின்றார்கள்!” என்பது அதன் சாரம். கித்தாக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்ட இந்நாளிலும் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவனுடைய பிள்ளைக்கும் அது பிதுரார்ஜிதச் சொத்தைப் போல வந்து சேர்ந்திருக்கின்றது.

இவற்றையெல்லாம்விட வேடிக்கை ஒன்றுண்டு. ஜவுளிக்கடை முதலாளிகளிற் சிலரும் இதையே சொல்லுகின்றனர். கொடுக்கின்றவன் ஊதாரியாம், அதை வாங்கிக் கல்லாவில் போடுகின்றவர் சிக்கனத்தின் அவதாரமாம்! கள்ளுக்கடைக்காரன் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் ஊர் சிரிக்கும். ஜவுளிக்கடைக்காரர் செய்தால் தலையாட்டுகின்றது.

எனவே இவ்வழக்கை இன்று எடுத்து விசாரிப்பதென்று துணிந்தோம். வாதியும் பிரதிவாதியும் நம்மவரேயாதலால் இதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தாரின் மானத்தைத் தொட்ட பேச்சை வேடிக்கைப் பேச்சென்று விட்டுவிடுவது பத்திரிகைக்கு அழகன்று.

ஜவுளி வியாபாரிகளின் ஆண்டு மலர்களிலும் விழா அழைப்புகளிலும் தவறாமல் ஒரு பழம்பெருமை அச்சிடப்படுவதுண்டு. தமிழன் கடல் கடந்து துணி விற்றான், உலகத்துக்கே ஆடை கொடுத்தான் என்பது அப்பெருமை. அதை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. சுமத்திராத் தீவின் பாரூஸ் துறைமுகத்தருகே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் 1088ஆம் ஆண்டில் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கின்றது. மலாய்க்காரச் சகோதரர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அப்பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள நம் பழவேற்காடே. டச்சுக்காரர் 1613இல் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்ததும் துணிக்காகவே. கீழ்த்திசைத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணி நன்றாகச் செல்லுபடியாயிற்று. அதே டச்சுக்காரர் நம் பேராக் மாநிலத்து ஈயத்தின்மேற் கண் வைத்து, 1670இல் பங்கோர் தீவில் ஒரு கோட்டை எழுப்பினர். பேராக் ஆற்றின் வழியே இறங்கிய ஈயத்துக்கு மாற்றாக ஏறிய சரக்குகளில் தமிழ்நாட்டுத் துணியும் ஒன்று. கித்தா மரம் இந்நாட்டைக் காண்பதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே பேராக் மக்களின் இடுப்பில் நம்மவர் நெய்த துணி இருந்தது.

பெருமைதான். ஆனால் யாருடைய பெருமை? மலர்களிற் கப்பலும் கடலும் வருகின்றன, பாய்மரம் வருகின்றது, வணிகன் வருகின்றான். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு முதுகு வளைந்த நெசவாளி வருவதில்லை. ஆங்கிலக் கம்பெனியார் 1639இல் சென்னைக் கடற்கரையின் மணல்மேட்டை விரும்பிக் கேட்டு வாங்கினார்களே, துறைமுக வசதிக்காகவா? அங்கே துறைமுகமே கிடையாது. சுற்றுப்புறத்திலே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக. மலிவு என்றால் என்ன பொருள்? நெய்தவனுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்பதே பொருள். பிற்காலத்தில் லங்காஷயர் ஆலைத்துணி வந்து அவன் தறியையும் முடக்கிற்று. போதாக்குறைக்கு இந்திய ஆலைத்துணியின்மேலேயே 1896இல் நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி போட்டார்கள். முப்பதாண்டு கழித்தே அது தொலைந்தது. இக்கதையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆதலால் மேலே செல்கின்றோம்.

நாம் கேட்பது வேறு கேள்வி. உலகுக்கே ஆடை கொடுத்த அந்நாட்டிலே, ஆடை உடுத்த அனுமதி யாருக்கு இருந்தது?

திருவிதாங்கூர் சமஸ்தானத்திலே சாணார் குலப் பெண்கள் தங்கள் மார்பைத் துணியால் மறைத்ததற்காகத் தெருவிலே துணி கிழிக்கப்பட்டார்கள். 1822இல் மூண்ட அக்கலகம் விட்டுவிட்டு எரிந்து, 1859இல் மன்னர் ஒரு பிரகடனம் செய்யும்வரை ஓயவில்லை. அப்பிரகடனமும் என்ன சொல்லிற்று? மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேற்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தலாகாது என்றது. ஒரு முழத் துணிக்கு முப்பத்தேழு ஆண்டு! இது பழங்கதை என்று கைகழுவ நினைப்போருக்கு அண்மைக்கதை ஒன்று சொல்லுகின்றோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்திலே ஆதித்திராவிடர்களுக்கு மேற்சாதியார் எட்டுத் தடைகள் விதித்தனர். அவற்றைக் குடிக்கணக்கு ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலிலே பதிந்து வைத்திருக்கின்றார். ஆடவர் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தலாகாது. சட்டையும் பனியனும் கூடா. பெண்டிர் மேலுடம்பைத் துணியாலோ இரவிக்கையாலோ மறைக்கலாகாது. பொன் கூடாது, வெள்ளி கூடாது, பூச்சூடுதல் கூடாது, குடை கூடாது, செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்கு நெருப்பு வைக்கப்பட்டது, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போயிற்று.

இங்கே வாசகர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக்கின் தோட்டங்களிற் பேர் பதிந்தவர்கள் எந்த ஊரார்? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வடஆர்க்காடு, சேலம், மதுரை, இராமநாதபுரம். அவர்களில் இத்தகைய தடைகளுக்கு உட்பட்ட வகுப்பினர் எத்தனை பேர் என்பதை அவரவர் லயத்தின் பழைய குடும்பங்களைக் கேட்டால் தெரியும். கேட்கவும் சொல்லவும் கூச்சப்படுகின்றோம், அவ்வளவே. அக்காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள். தலையில் ஒரு முண்டாசு, இடையில் ஒரு துண்டு. பெண்களுக்கு இரவிக்கையில்லாத ஒற்றைச் சேலை. அது வறுமையின் உடை என்று மட்டும் எண்ணுகின்றோம். பாதி வறுமை, மறுபாதி உத்தரவு.

அப்படி வந்தவன் இங்கே முதற் சம்பளத்திற் கணுக்கால் வரை தழையும் ஒரு வேட்டி வாங்கினான். அவன் மனைவி இரவிக்கை தைத்துக்கொண்டாள். அவனைக் கட்டிவைத்து அடிக்க இங்கே பண்ணையார் இல்லை. தோட்டத்துத் துரை வேறு வகையிற் கொடியவராயிருக்கலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளிலே, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பதும் ஒன்று. லயங்களிலும் சாதி செத்துப்போகவில்லை. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் அது உயிரோடிருந்தது. ஆயினும் வேட்டியின் நீளத்தை அளந்து பார்க்க இங்கே ஒருவருக்கும் அதிகாரமில்லாமற் போயிற்று. அந்த வேட்டிக்கு அவன் கொடுத்த காசை ஊதாரித்தனம் என்று கணக்கெழுதுகின்ற கனவான்களை நாம் கேட்கின்றோம்: உங்கள் பாட்டனுக்கு முழங்கால் வரை என்று யாரேனும் அளவு வைத்ததுண்டா? இல்லையாயின், இக்கணக்கை எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை?

நிற்க. தோட்ட வேலையையே அறியாதவர்களும் இத்தீர்ப்பு சொல்லுகின்றனராதலின் ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவைக்கின்றோம். கித்தாப்பால் துணியிற் பட்டால் போகாது. சவுக்காரம் போட்டாலும், கல்லில் அடித்துத் துவைத்தாலும் போகாது. பட்டபொழுது வெண்மையாயிருக்கும், காய்ந்தபின் பழுப்பேறிக் கறுத்துத் தடித்து, துணியோடு துணியாய் ஒட்டிக்கொள்ளும். பால் சுமந்த பெண்ணின் சேலை முந்தானை நாளடைவில் தோலைப் போல் விறைத்துவிடும். ஒட்டுப்பாலின் நாற்றமோ சொல்லுந்தரமன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றது முதல் பால் நிறுத்து முடிந்தது வரை அக்கறைத் துணியே அவளுடைய உடை. ஆறு நாளும் அதையே உடுத்தியவள், ஏழாம் நாளில், அல்லது ஆண்டுக்கொரு நாளில், கறையில்லாத துணி ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டாள். மேசைக்கு முன் உட்கார்ந்து எழுதும் நமக்கு நாள்தோறும் கறையில்லாத துணி இருக்கின்றது. ஆகையால் அவ்வாசை நமக்கு ஆடம்பரமாய்த் தோன்றுகின்றது.

அவளிடம் துணி எவ்வாறு வந்தது? சம்பள நாளன்று தோட்டத்து வாசலில் வியாபாரிகள் கூடுவர். மற்ற நாட்களில் துணிமூட்டை தானே லயத்தைத் தேடி வரும். தலைப்பாகை கட்டிய பஞ்சாபி வியாபாரியை நம்மவர் ‘வங்காளி’ என்றே அழைத்தனர். அவர் மிதிவண்டியின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் மணியடித்து வருவார். நம் நாட்டு முஸ்லிம் வியாபாரிகளும் இவ்வாறே வந்தனர். லயத்து வாசலில் மூட்டை அவிழும். காசில்லாவிட்டாற் குற்றமில்லை, கடன். மாதாமாதம் கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுத்தாற் போதும். கங்காணியின் கடையிலும் அப்படியே. கடனுக்கு வாங்கிய துணியின் விலை கைக்காசுக்கு வாங்கிய துணியின் விலையைவிட ஏறி நிற்பது எந்த ஊர் வழக்கமும்தான். வாங்குகின்றவள் எழுத்தறியாதவள், கணக்கு எழுதுகின்றவர் எழுத்தறிந்தவர். இந்நிலையிற் பேரேட்டிலே யார் ஊதாரித்தனம் செய்திருக்கக்கூடும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகின்றோம்.

இனி, இவ்வழக்கின் முக்கியமான சாட்சியத்துக்கு வருவோம். தோட்டத் தமிழன் துணிக்குச் செலவிட்ட காசைப் பற்றிப் பேசுவோர், அவன் கையிற் காசு எவ்வளவு இருந்தது என்பதையும், துணியின் விலையை யார் வைத்தார்கள் என்பதையும் பேசுவதில்லை. 1920க்களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுக்கப்பட்டிருந்தது. உலகமெங்கும் பணமுடை வந்து ரப்பர் விலை சரிந்தது. 1930இல் அக்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பின்னர் இன்னும் இறங்கிற்று. வேலையற்றவர்கள் என்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டனர். இராமநாதபுரத்தில் எட்டுத் தடைகள் முளைத்த ஆண்டும் அந்த 1930 என்பதை மறவாதீர்கள். பேராக்கிலே சட்டை போடப் பழகியவன் ஒருவன் அவ்வூர்க்காரனாயிருந்தால், எந்தச் சட்டையோடு ஊர் எல்லைக்குள் நுழைந்திருப்பான்?

இங்கேயே தங்கியவர்களுக்கு அக்காலத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. அஃது ஜப்பான் துணி. 1931 டிசம்பரில் ஜப்பான் தன் நாணய மதிப்பைத் தளர்த்தியபின், அந்நாட்டு ஆலைகளின் பருத்தித் துணியும் செயற்கைப் பட்டும் மலாயாவின் கடைகளில் மிக மலிவாக வந்து குவிந்தன. லங்காஷயர் துணியை எட்டிப் பார்க்கவும் முடியாதவர்கள் ஜப்பான் துணியை வாங்கினர். சாயம் போயிற்று, நெசவு இளைத்தது என்று குறை சொன்னோர் உண்டு. ஆனால் 32 காசுக் கூலிக்காரிக்கும் ஒரு புதுச் சேலை என்பதை அத்துணி சாத்தியமாக்கிற்று.

லங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1934 மே மாதத்தில் இலண்டனில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ரப்பர் விளையும் நாடுகளின் அரசாங்கங்கள் கூடி ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டன. ரப்பர் மிகுந்து விலை வீழ்ந்துவிட்டதாதலால், இனி இவ்வளவுக்கு மேல் ஏற்றுமதி செய்யலாகாது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு வைத்தார்கள். மற்றொன்று, பிரிட்டிஷ் வர்த்தக மந்திரி ரன்சிமன் பார்லிமெண்டில் எழுந்து, குடியேற்ற நாடுகளுக்குள் அந்நியத் துணி இனிக் கட்டுப்பாடின்றி வரலாகாது என்று அறிவித்தார். 1927 முதல் 1931 வரை வந்த சராசரி எவ்வளவோ அவ்வளவே வரலாம். அந்நியத் துணி என்று சட்டம் சொல்லிற்று. ஜப்பான் துணி என்று எல்லாரும் படித்துக்கொண்டனர். தடையில்லாத வாணிபத் துறைமுகங்கள் என்று பேர் பெற்ற சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் துணியிலே தடை வந்தது. அவற்றின் வழியே துணி பெற்ற பேராக்குக்கும் வந்தது.

இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். தோட்ட முதலாளியின் சரக்கு மலிந்தபோது, மலிவு ஆகாது, விலை ஏற வேண்டும் என்று சட்டம் செய்தனர். தோட்டத் தொழிலாளிக்கு வேண்டிய சரக்கு மலிந்தபோதும், மலிவு ஆகாது, விலை ஏற வேண்டும் என்றே சட்டம் செய்தனர். முதற் சட்டத்தினால் இலண்டனிலுள்ள பங்குதாரன் பிழைத்தான். இரண்டாவதினால் மான்செஸ்டரிலுள்ள ஆலைக்காரன் பிழைத்தான். ஆலைத் தொழிலாளியின் வயிற்றுக்காகவே செய்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். லங்காஷயரில் வேலையின்மை கொடிதாயிருந்தது உண்மையே. ஆனால் ஒரு தொழிலாளியின் வயிற்றுக்கு மற்றொரு தொழிலாளியின் முதுகுத் துணியை உரித்துக் கொடுப்பது எந்த நியாயம்? பேராக்கில் ஓட்டுரிமையில்லாத, பார்லிமெண்டில் ஒரு வாயில்லாத, கித்தா மரத்தடியில் உளி பிடித்திருந்த பெண், மான்செஸ்டரின் தரும நிதிக்குத் தன் சேலையிலிருந்து சந்தா கட்டினாள். அவள்தான் ஊதாரி!

இதற்குப்பின் நடந்தது எல்லார்க்கும் தெரிந்த கொடுமை. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைப்பட்டது. மலிவுத் துணி அனுப்பிய அதே நாடு மூன்றரை ஆண்டு இந்நாட்டை ஆண்டபோது துணியே இல்லாமற் போயிற்று. கப்பல் வரவில்லை, கிடைத்த துணி கறுப்புச் சந்தைக்குப் போயிற்று. தோட்டத்து மக்கள் அரிசிச் சாக்கைப் பிரித்துக் கழுவி இடுப்பிற் சுற்றிக்கொண்டனர். கோணிச் சாக்கில் தலைக்கும் கைக்கும் துளையிட்டுச் சட்டையாகப் போட்டுக்கொண்டனர். சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களிற் பலர் அந்தச் சாக்கோடே காட்டில் மடிந்தனர். வீட்டுக்கு ஒரே சேலை எஞ்சியிருக்க, இரண்டு பெண்கள் முறைவைத்து அதை உடுத்தி வெளியே போன கதையை நம் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாளாம். சாக்கு உடம்பில் அறுத்த தழும்பு மறைய நாளாகும். மனத்தில் அறுத்தது மறையவே மறையாது. போர் முடிந்து கடைகளில் மீண்டும் துணி வந்தபொழுது அம்மக்கள் ஆசையோடு வாங்கினார்கள் என்றால், பிள்ளைக்கு இரண்டு உடுப்பாக எடுத்து ஒன்றைப் பெட்டியிற் பூட்டி வைத்தார்கள் என்றால், அதைப் பார்த்துச் சிரிப்பவர்களை என்னென்பது?

ஈப்போ ஜவுளிக்கடைகளின் செல்வம் இந்த ஆசையிலிருந்து பிறந்தது. இதை யாரும் எழுதுவதில்லை. ஐந்நூற்றுவர் கல்வெட்டைக் காட்டுவோர், சம்பளத்துக்கு மறுநாள் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் கம்பாரிலிருந்தும் வண்டி நிறைய வந்திறங்கிய மக்களைக் காட்டுவதில்லை. கடையின் அஸ்திவாரம் 1088இலா இருக்கின்றது? திருநாள் முன்பணம் என்று தோட்டத்து ஆபீசிற் பெற்று, பிறகு மாதந்தோறும் சம்பளத்திற் பிடிகொடுத்த அந்தப் பணத்திலே இருக்கின்றது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல கைமாறின. துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்துக்கே சொந்தக்காரராக முயன்றவர்களையும் ஊதாரிகள் என்றுதானே சொல்லுகின்றீர்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் நகரோரங்களுக்குச் சிதறினர். கடைகள் மட்டும் நின்றன. மாடி மேல் மாடி ஏறின.

கடன்பட்டுப் பட்டு வாங்குவதை நாம் ஆதரிக்கின்றோம் என்று யாரும் எண்ண வேண்டா. ஒரே ஒரு நாள் மேடையில் நிற்பதற்குப் பல மாதச் சம்பளத்தைக் காஞ்சிபுரத்துச் சேலையிற் கட்டுவது பேதைமை. சம்பந்திக்கு, சம்பந்தியின் தங்கைக்கு, அவள் நாத்தனாருக்கு என்று சேலை எடுத்துக் கொடுத்து, கலியாணம் முடிந்து மூன்றாண்டு தவணை கட்டும் குடும்பங்களை நாம் அறிவோம். அதைக் கண்டிக்கின்றோம், இன்னும் கண்டிப்போம். ஆனால் இவ்வழக்கத்தைத் தோட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார்? லயத்திலே பட்டு விளையவில்லை. டவுனில் இருக்கும் உத்தியோகஸ்தர் வீட்டுக் கலியாணத்தைப் பார்த்துத் தோட்டம் கற்றது. முகூர்த்தச் சேலையின் விலையைச் சபையிலே சொல்லிக் காட்டும் பெரியோர்கள், தோட்டத்துப் பெண்ணின் நைலக்ஸ் சேலையைக் கண்டு சிக்கனம் போதிப்பது என்ன முறை? இன்று தவணைச் சீட்டை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவோர் யார்? அவர்களைப் பற்றி ஒரு தலைவராவது மேடையில் வாய் திறந்ததுண்டா?

‘நம்மவர் கடையில் வாங்குங்கள்’ என்ற கோரிக்கையும் ஆண்டுதோறும் எழுகின்றது. திருநாள் நெருங்கும்போது வெளிநாட்டு வியாபாரிகள் வந்து கண்காட்சி என்று கடை விரித்து, நம் வியாபாரத்தைக் கெடுக்கின்றார்கள் என்கின்றனர். இணையத்தில் வாங்குகின்றார்கள் என்றும் குறைப்படுகின்றனர். அவர்கள் துன்பத்தை நாம் அற்பமாய்க் கருதவில்லை. ஈப்போவின் தமிழ்க் கடைத்தெரு அழிந்தால் அது நமக்கும் இழப்பே. ஆனால் பதினோரு மாதம் ஊதாரி என்று ஏசிவிட்டுப் பன்னிரண்டாம் மாதத்தில் ‘நம்மவர்’ என்று அழைத்தால், அழைக்கப்பட்டவன் சற்றுத் தயங்கத்தான் செய்வான். நம்மவர் என்பது விற்கும்போது மட்டும் விளங்கும் உறவா?

உறவுக்கு ஒரு சோதனை சொல்லுகின்றோம். லகாட் சாலையில் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். சேலையை எடுத்து உதறித் தோளிற் போட்டுக் காட்டுகின்ற பெண் யார்? பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய தோட்டத்து வீட்டுப் பெண். அவளுடைய கொள்ளுப்பாட்டிக்கு இரவிக்கை மறுக்கப்பட்டிருக்கலாம், பாட்டி சாக்கு உடுத்தியிருப்பாள். அவள் இன்று பட்டுக்கு நடுவே நிற்கின்றாள். நிற்கின்றாள் என்பதைக் கவனியுங்கள். கடை திறந்தது முதல் கதவிழுக்கும் வரை நிற்கின்றாள். ஆளில்லாத வேளையிலும் நிற்கின்றாள். உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். பழைய ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பிட்ட மெத்தை இருக்கும். முதலாளி உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், துணியை விரித்துக் காட்டுகின்றவனும் உட்கார்ந்தே விரிப்பான். கண்ணாடிப் பெட்டியும் குளிர்சாதனமும் வந்தன, மெத்தை போயிற்று. கல்லாவின் பின்னே ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சிற்று.

இது சிறு விஷயமென்று தள்ளுவோருக்கு, பெரிய சட்டசபைகள் இதைச் சிறிதாக எண்ணவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்ளுகின்றோம். கேரளத்தின் கோழிக்கோட்டிலே விஜி என்னும் தையற்காரப் பெண்மணி கடைப் பெண்களைத் திரட்டி, உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டு போராடினார். ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் வந்து உட்கார்ந்தே அவ்வுரிமையைக் கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்திற்று. 2021இல் தமிழ்நாடும், கடைகளில் வேலை செய்வோர்க்கு இருக்கை வசதி செய்து கொடுக்க வேண்டுமென்று தன் சட்டத்தைத் திருத்திற்று. நம் நாட்டிலோ, நின்று செய்யும் வேலைக்கான வழிகாட்டி ஒன்றை அரசாங்கத்தின் தொழிற்பாதுகாப்பு இலாகா 2002இலேயே வெளியிட்டிருக்கின்றது. 1994ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் முதல் கடைகள் உள்ளிட்ட பணியிடங்களுக்கெல்லாம் விரிந்திருக்கின்றது. எனினும் வழிகாட்டி என்பது வழிகாட்டியே. கேட்பார் இருந்தாலன்றோ நடக்கும்?

ஆதலின் ஈப்போ ஜவுளிக்கடை முதலாளிகளிடம் நாம் நன்கொடை கேட்கவில்லை. விழாவுக்கு விளம்பரமும் கேட்கவில்லை. தோட்டத் தமிழரிடம் வரவேண்டிய பாக்கி என்று உங்கள் பேரேடுகளில் எத்தனையோ பக்கம் எழுதியிருப்பீர்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். விற்பனைப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு முக்காலி. ஆளில்லாத வேளையில் அதில் உட்கார்ந்தால் ஏசமாட்டோம் என்று ஒரு வாக்கு. ஏற்கெனவே போட்டிருப்போர் இருப்பின் இச்சொல் அவர்களுக்கன்று. மற்றவர்கள் இவ்வாண்டுத் தீபாவளிச் சரக்கு இறக்குமுன்னரே இதைச் செய்துவிடலாம். செய்வீர்களா?